பேச்சு வருமுன் கைச்சைகை: கைக்குழந்தைக்குக் கற்றுத்தர வேண்டுமா?

நெய்தல் எழுதியது:

என் மகனுக்கு எட்டு மாதம் நிறைந்திருக்கிறது. பால் வேண்டும், இன்னும் வேண்டும், போதும் என்ற மூன்றையும் கையால் காட்டுவதற்கு அவனைப் பழக்கி வருகிறேன். சைகைக்குப் பழகிய பிள்ளை வாய் திறந்து பேசாது என்று உறவினர் பலர் அச்சுறுத்துகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே என் முதல் வாதம்.

நாக்கு, உதடு, மூச்சு, குரல்வளை ஆகிய நான்கையும் ஒருங்கே இயக்கிச் சொல்லை உருவாக்கும் திறன் கைகூட ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. நாம் பேசுவது பிள்ளைக்கு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே புரியத் தொடங்கிவிடுகிறது. கையும் அதற்குள் வசப்பட்டுவிடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உளவியல் கற்பித்த லிண்டா அக்ரடோலோ, 1980களின் தொடக்கத்தில், ஒரு வயதான தம் மகள் பூவைப் பார்க்கும்போதெல்லாம் மோந்து காட்டுவதையும், மீனைப் பார்த்தால் வாயால் ஊதுவதையும் கவனித்தார். தொட்டிலுக்கு மேல் கட்டியிருந்த மீன் பொம்மைகளை அவர் ஊதி அசைத்து விளையாட்டுக் காட்டியிருந்தார். குழந்தை அந்த ஊதலையே மீனுக்குப் பெயராக்கிக்கொண்டது. பின்னர் அவரும் சூசன் குட்வினும் மற்றோர் ஆய்வாளரும் 103 குழந்தைகளைப் பதினொரு மாத வயதிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து ஆராய்ந்து 2000இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சைகை கற்ற குழந்தைகளின் பேச்சு பின்தங்கவில்லை. மொழித் தேர்வுகள் பலவற்றில் அவர்களே முன்னே நின்றார்கள்.

கரிசல்மண் எழுதியது:

அம்மா, சைகை பேச்சைக் கெடுக்காது என்பதை நான் மறுக்கவில்லை. சைகை பேச்சை வளர்க்கும், அறிவைக் கூர்மையாக்கும் என்று சொல்லிப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் வகுப்புகளைத்தான் மறுக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட ஆய்வைச் செய்தவர்களே அந்த முறைக்கான நூலையும் பயிற்சித் திட்டத்தையும் விற்றவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. சைகை கற்ற குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) எட்டு வயதில் 12 புள்ளி கூடுதலாக இருந்தது என்று விளம்பரங்கள் இன்றுவரை சொல்லி வருகின்றன. அது ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட செய்தியே தவிர, ஆய்விதழில் முழுக் கட்டுரையாக வந்து பிற ஆய்வாளர்களின் பரிசீலனையைக் கடந்த முடிவு அன்று.

கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2005இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, கேட்கும் திறனுள்ள குழந்தைகளுக்குச் சைகைப் பயிற்சியால் மொழி வளர்ச்சியில் நன்மை உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் கர்க் குழுவினர் 40 தாய்மாரையும் குழந்தைகளையும் எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை கவனித்தார்கள். பிரித்தானியச் சைகைமொழியிலிருந்து சைகை கற்ற குழு, இயல்பான கையசைவு கற்ற குழு, பேச்சுப் பயிற்சி மட்டும் பெற்ற குழு, எதுவும் பெறாத குழு என நான்காகப் பிரித்தும், மொழி வளர்ச்சியில் அவற்றிடையே வேறுபாடு காணப்படவில்லை. அந்தக் கட்டுரை 2013இல் வந்தது.

நம் வீடுகளில் கைச்சைகை எப்போது இல்லாமல் இருந்தது? கைவீசம்மா பாடுகிறோம், சாய்ந்தாடச் சொல்கிறோம், சாமி கும்பிடவும் டாட்டா காட்டவும் பழக்குகிறோம். ஒன்பதாம் மாதத்துக் குழந்தையைக் கைகொட்டச் சொல்லிப் பாடும் சப்பாணிப் பருவத்தைப் பிள்ளைத்தமிழில் வைத்த மரபு நம்முடையது. பாட்டி சோறு ஊட்டும் நேரத்தில் தானாக நடப்பதை அட்டவணை போட்டுப் பாடமாக்கினால், தாய்க்கு இன்னொரு கவலைதான் மிஞ்சும்.

நெய்தல் எழுதியது:

ஐயா, ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆய்வின் ஒரு பாதியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். சைகை பழக்கிய தாய்மார், பேச்சில்லாத குழந்தை கண்ணாலும் உடலாலும் காட்டும் குறிப்புகளுக்குக் கூடுதலாக ஈடுகொடுத்தார்கள் என்றும், தானாகவே செயல்பட முனையும்படி குழந்தையை ஊக்கினார்கள் என்றும் அதே கட்டுரை கூறுகிறது. எனக்கு வேண்டியது அந்தக் கவனம்தான். நுண்ணறிவுப் புள்ளிகளை நான் கேட்கவில்லை.

பாட்டி என்கிறீர்கள். என் வீட்டில் பாட்டி இல்லை; காலை எட்டு மணிக்கு மகனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மாலையில்தான் அழைத்து வருகிறேன். அவன் வீறிட்டு அழும்போது அது பசியா, தூக்கமா, வயிறு நிறைந்த பின்னும் வாயில் திணிப்பதால் வந்த எரிச்சலா என்று பிரித்தறிய எனக்கும் காப்பகத்தில் இருக்கும் அம்மாவுக்கும் பொதுவான ஒரு வழி தேவைப்படுகிறது. போதும் என்பதைக் காட்டத் தெரிந்த குழந்தைக்கு வற்புறுத்தி ஊட்ட நமக்கே மனம் வராது. நீங்கள் சொன்ன டாட்டாவும் கும்பிடும் நாம் காட்டச் சொல்லிக் குழந்தை காட்டுபவை. தனக்கு வேண்டியதைத் தானே கேட்க உதவும் சைகைகள் அவற்றுள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வானம்பாடி எழுதியது:

என் தாயும் தந்தையும் செவித்திறன் அற்றவர்கள், எனக்குக் கேட்கும். எங்கள் வீட்டு மொழியே சைகைமொழி என்பதால் இந்த விவாதம் என்னை நெருக்கமாகத் தொடுகிறது. சைகையோடு வளர்ந்த நான் தமிழும் ஆங்கிலமும் தடையின்றிப் பேசுகிறேன். எனவே உறவினர்களின் அச்சத்தைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை.

காது கேட்கும் பிள்ளைக்கு இருபது சைகைகளைக் கற்றுக்கொடுப்பது அறிவுக்கு உரம் என்று விற்கப்படும் அதே ஊரில், காது கேளாத பிள்ளையின் பெற்றோரிடம் சைகையே காட்டாதீர்கள், காட்டினால் பேச்சு வராது என்று சொல்லி அனுப்புகிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு காது கேளாதோர் பள்ளிகளிலிருந்து சைகைமொழியை விலக்கத் தீர்மானித்தது; அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. அமெரிக்கக் கணக்கின்படி காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். பெற்றோர் சைகை கற்காவிட்டால் அந்தக் குழந்தைக்கு வீட்டில் முழுமையாகக் கிடைக்கும் மொழி ஒன்றும் இல்லை. காது கேளாத பெற்றோரின் காது கேளாத குழந்தைகளோ, கேட்கும் குழந்தை வாயால் மழலை பேசும் பருவத்திலேயே, அதே போன்ற அசைச் சேர்க்கைகளோடு கையால் மழலை பேசுகின்றன என்பதை ஆய்வாளர்கள் லாரா பெட்டிட்டோவும் பாலா மாரென்டெட்டும் 1991இல் எடுத்துக்காட்டினார்கள். மனித மூளைக்கு வேண்டியது மொழி. அது காதின் வழியாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நெய்தல் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சைகைமொழியில் உள்ளவை. இந்தியச் சைகைமொழிக்கென 2015இல் புதுதில்லியில் ஆய்வு, பயிற்சி மையம் நிறுவப்பட்டு, 2021க்குள் அதன் அகராதி 10,000 சொற்களை எட்டியது. கற்றுத்தருவதானால் நம் ஊரின் காது கேளாத பிள்ளையும் புரிந்துகொள்ளும் சைகையைக் கற்றுத்தாருங்கள்.

கரிசல்மண் எழுதியது:

வானம்பாடி அவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். உட்செவிக் கருவி (காக்ளியர் இம்பிளாண்ட்) பொருத்தப்பட்ட 97 குழந்தைகளைப் பற்றி ஆன் கியர்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் சைகை பயன்படுத்தாத குழந்தைகளே பேச்சிலும் வாசிப்பிலும் மேம்பட்டிருந்தார்கள். அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் கருவி பொருத்திக்கொண்ட குழந்தைகள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் இந்த ஆய்வைப் புறக்கணித்துவிட முடியுமா?

வானம்பாடி எழுதியது:

புறக்கணிக்க வேண்டாம், கூர்ந்து படிக்கட்டும். அந்த ஆய்வு முழுமையான சைகைமொழியையும், பேச்சுக்குத் துணையாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காட்டும் சைகைகளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியது. மேலும், கருவி நன்றாகப் பயன்பட்ட குழந்தையின் வீட்டில் சைகை தானாகக் குறைந்துவிடும். பயன்படாத வீட்டில்தான் அது நீடிக்கும். அப்படியிருக்க, சைகை நீடித்ததால் பேச்சு குறைந்தது என்பதா, பேச்சு வராததால் சைகை நீடித்தது என்பதா? கருவி பொருத்தும் நாள்வரை, அதன்பின் அது பயன்படுமா என்று தெரியும் நாள்வரை, குழந்தை எந்த மொழியில் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

குறிஞ்சிமலர் எழுதியது:

நான் பேச்சு, செவித்திறன் பயிற்சியாளர். இந்த விவாதத்தில் விடுபட்ட ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, குறை தென்பட்டால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது பன்னாட்டளவில் பின்பற்றப்படும் வரிசை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்கு முன் குறை கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன் தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் காட்டியது. பத்து மாதமாகியும் பாபா, மாமா போன்ற அடுக்கொலி மழலை வரவில்லை, ஒரு வயதாகியும் விரல் நீட்டிச் சுட்டவில்லை என்றால் உடனே பரிசோதனைக்கு வாருங்கள். சைகை வகுப்பில் சேர்த்திருக்கிறோம், பேச்சு மெதுவாக வரும் என்று காத்திருந்து ஒன்றரை ஆண்டை இழந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். சைகை காட்டுங்கள், காட்டும்போது அந்தச் சொல்லை வாயாலும் சொல்லுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

குறிஞ்சிமலர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். காது கேளாத குழந்தையின் வீட்டில் சைகைமொழியை யாரும் தடுக்கக் கூடாது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காது கேட்கும் குழந்தைக்குக் கட்டண வகுப்பு தேவையில்லை என்ற என் நிலையிலிருந்து நான் மாறவில்லை.

நெய்தல் எழுதியது:

வகுப்பு எனக்கும் தேவையில்லை, ஐயா. மூன்று சைகைகளையும் நானே வீட்டில்தான் காட்டுகிறேன். அவற்றுக்கு ஈடான இந்தியச் சைகைகளை அந்த அகராதியில் தேடிக் காப்பகத்து அம்மாவுக்கும் காட்டப்போகிறேன். அவனுக்குப் பிறந்தபோது செவித்திறன் பரிசோதனை செய்யப்பட்டதா என்று எந்தத் தாளிலும் குறிப்பு இல்லை. அதற்கு இந்த வாரமே நேரம் கேட்டிருக்கிறேன்.