ஏப்ரல் கடைசியில் திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவா, திருகோணமலையா?

இலங்கையில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் போகத் தேதி முடிவாகாமல் மாட்டிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் ஜூலையில் விவரம் தெரியாமல் மிரிஸ்ஸ போனோம். தென்மேற்குப் பருவக்காற்று நேரம், இரண்டு நாளும் கடல் கொந்தளிப்பு என்று படகையே எடுக்கவில்லை, கரையில் மீன் பொரியல் தின்றுவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் படித்தேன்: தெற்கே மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கிழக்கே திருகோணமலையில் மே முதல் அக்டோபர் வரைதான் சீசன். எங்களுக்குக் கிடைத்திருப்பதோ ஏப்ரல் 24 முதல் 28 வரை, சரியாக நடுவில்! மகளுக்குப் பள்ளி விடுமுறை அப்போதுதான், மாற்ற முடியாது.

இரண்டு ஊர்ப் படகுக்காரர்களுக்கும் போன் போட்டாயிற்று, இருவருமே "வாங்க, கட்டாயம் தெரியும்" என்கிறார்கள், அவர்கள் வேறென்ன சொல்வார்கள். திருகோணமலையில் கரைக்குப் பக்கத்திலேயே கடல் ஆழம், கோணேசர் மலையில் நின்றாலே சில நாள் நீர் பீய்ச்சுவது தெரியும் என்பதால் மனசு அங்கே இழுக்கிறது. கூட வரும் அம்மாவுக்கு 67 வயது, படகு ஆடினால் அரை மணி நேரத்தில் வாந்தி. எலுமிச்சம்பழம் முகர்ந்தும் பலனில்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் நேரில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: அந்த நாட்களில் எந்தப் பக்கம் கடல் அமைதியாக இருந்து திமிங்கிலமும் கண்ணில் பட்டது?