ரெப்பாசிட்டரி பேட்டர்ன்: ‘தொகைமுகம்’ சரிவருமா?

ஐயா, வணக்கம்.

நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நின்று தரவை எடுத்துக் கொடுக்கும் ‘ரெப்பாசிட்டரி’ பேட்டர்னுக்குத் தமிழில் ‘தரவுக்கிடங்கு’ என்ற உங்கள் பரிந்துரையைப் படித்தேன். நல்ல சொல்தான், ஆனால் டேட்டா வேர்ஹவுஸுக்கு அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘களஞ்சியம்’, நிரலின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கருவியான கிட்டுக்குப் (Git) போய்விட்டது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் குழு ஆவணத்தில் “ஆணைக் களஞ்சியத்தில் புதிய தேடல் ஒன்றைச் சேர்க்கவும்” என்று எழுதியிருந்தேன் (ஆணை என்று நான் சொல்வது வாடிக்கையாளரின் ஆர்டரை). புதிதாக வந்த தம்பி அந்தப் பெயரில் ஒரு கிட் களஞ்சியத்தை அரைநாள் தேடியிருக்கிறார். ‘வைப்பகம்’ என்றால் சிலருக்கு வங்கி நினைவுக்கு வரும்.

சொல் மோதல் ஒருபுறம் இருக்கட்டும், என் பெரிய தயக்கம் வேறு. கிடங்கு, களஞ்சியம், காப்பகம் எல்லாமே பொருள் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன. ஆனால் இங்கே தரவு இருப்பது போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளத்தில். மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதிய எரிக் எவன்ஸ் 2003இல் இந்தப் பாங்கை (பேட்டர்னை) விளக்கியபோதே, ஒரு வகைப் பொருள்கள் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கையருகே இருப்பதுபோலக் காட்டுவதை இதன் வேலையாக வைத்தார்.

டைப்ஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எழுதிப் பாருங்கள். ஓர் இடைமுகம். எண்ணைக் கொடுத்தால் ஆணையைத் தர ஒரு செயற்கூறு, சேர்க்க ஒன்று, நீக்க ஒன்று. மூன்றும் பிராமிஸை, அதாவது விடை பிறகு வரும் என்ற உறுதியை, திருப்பித் தரும். தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்கியூஎல் வினவல்களெல்லாம் பின்னால் உள்ள கிளாஸுக்குள் அடங்கிவிடும். சோதனையின்போது அதே இடத்தில் தரவுத்தளம் இல்லாமல், நினைவகத்தில் எண்ணுக்கு ஒரு பொருளாக வைத்திருக்கும் வெறும் மேப் (Map) ஒன்றைச் சுமக்கும் கிளாஸை வைத்தால், அழைக்கும் நிரலுக்கு வித்தியாசமே தெரியாது. டைப்ஸ்கிரிப்ட் உருவம் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும் என்பதால், இந்த இடைமுகத்தைப் பின்பற்றுகிறது என்பதை ‘இம்ப்ளிமென்ட்ஸ்’ என்ற சொல்லால் அறிவிக்கக்கூட வேண்டியதில்லை. அப்புறம், ஆணையும் அதில் பொருளுக்கு ஒன்றாக வரும் வரிகளும் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகள். வெளியே தெரிவது ஒரே தொகுப்பு. அட்டவணைக்கு ஒரு கிளாஸாக எழுதுவதைத் ‘தரவணுகி’ என்று தனியாகச் சொல்லலாம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

அதனால் ‘தொகைமுகம்’ என்று முன்வைக்கிறேன். எட்டுத்தொகையில் வரும் அதே தொகை. இடைமுகத்திலும் துறைமுகத்திலும் வரும் அதே முகம், சரக்கு வந்துபோகும் வாய். ‘ஆணைத் தொகைமுகம்’, ‘தொகைமுகப் பாங்கு’ இரண்டும் தடங்கலில்லாமல் நாக்கில் வருகின்றன. டைப்ஸ்கிரிப்டில் கிளாஸ் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடியும் என்பதால், இந்தச் சொல் ஆவணத்தோடு நிற்காமல் நிரலுக்குள்ளும் போகும். தரவுத்தளத்தோடு பேச உதவும் டைப்ஓஆர்எம் என்ற நிரலகம் தரும் கிளாஸ் மட்டும் அதன் சொந்தப் பெயரான ரெப்பாசிட்டரியாகவே இருக்கட்டும்.

தொகை என்றால் பணம் என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். முகம் சேர்ந்ததும் அந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடுகிறது. ‘கட்டணத் தொகைமுகம்’ என்று வரும்போதுதான் இடறுகிறது. ‘கட்டணங்களின் தொகைமுகம்’ என்று பிரித்து எழுதினால் போதுமா, உங்களுக்கு எப்படிப் படுகிறது?