ஸ்பெயின் 12 நாள்: தக்காளித் திருவிழாவா, லா மெர்சேவா?

திருநகர்வாசி:
வீட்டுக்காரர், 62 வயசு அம்மா, நான். ஆகஸ்ட் கடைசியோ செப்டம்பர் கடைசியோ 12 நாள் கிடைக்கும். தக்காளித் திருவிழா, பார்சிலோனாவோட லா மெர்சே, மாட்ரிட் ஓவியங்கள், ரெண்டு நாள் கடலோர நடை, எல்லாம் பார்க்க ஆசை. ஒரே பயணத்துல முடியுமா? அம்மா முட்டை கூடத் தொட மாட்டாங்க. விசாவுக்கு எப்ப ஆரம்பிக்கணும்?

வைகைக்கரை:
ரெண்டு திருவிழாவும் ஒண்ணா வராதுங்க. நீங்க கேட்ட தக்காளித் திருவிழா, அதாவது புன்யோல் ஊரு டொமாட்டினா, ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை. லா மெர்சே செப்டம்பர் 24-ஐ ஒட்டி நாலஞ்சு நாள். ஏறக்குறைய நாலு வாரம் இடைவெளி.

அம்மா வர்றாங்கன்னா லா மெர்சேதான். டொமாட்டினா மொத்தமே ஒரு மணி நேரம். ஒடுக்கமான தெருவுல, அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு ஆழ்வார்புரத்துல நிக்கிற மாதிரி நெருக்கம், காலடியில தக்காளிக் கூழ் வேற. வழுக்கினா பிடிச்சுக்க இடம் இல்லை. 2013-லேருந்து டிக்கெட் வச்சு 20,000 பேரோட நிறுத்துறாங்க, அப்பவும் இதுதான் நிலைமை. ஆகஸ்ட் கடைசியில மாட்ரிட் வெயிலும் சில நாள் நம்ம ஊர் சித்திரை மாதிரி இருக்கும்.

வரிசை இப்படி வைங்க: மாட்ரிட் 3 ராத்திரி, கோஸ்தா பிராவா கடற்கரை 3, பார்சிலோனா 5. மாட்ரிட்டுல இறங்கி பார்சிலோனாவுல ஏறுற மாதிரி விமான டிக்கெட் போடுங்க, திரும்பி வர்ற ரயில் செலவு மிச்சம். ரெண்டு ஊருக்கும் நடுவுல அதிவேக ரயில் இரண்டரை மணி நேரம், சிலது கூடவும் ஆகும். மூணு கம்பெனி ஓட்டுறாங்க, சீக்கிரம் போட்டா விலையில பெரிய வித்தியாசம் தெரியும். கடற்கரையைத் திருவிழாவுக்கு முன்னாடி வச்சதுக்குக் காரணம் மழை. செப்டம்பர் முடிய முடிய மத்தியதரைக் கடல் பக்கம் திடீர்னு கொட்டித் தீர்க்கும்.

மாசிவீதி:
ஓவியத்துக்கும் இந்த வரிசைதான் சரி. மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்துல வெலாஸ்கெஸ் 1656-ல வரைஞ்ச ‘லாஸ் மெனினாஸ்’ இருக்கு. அதை முதல்ல நிதானமா பாருங்க. 1957-ல பிக்காசோ அதையே எடுத்து வச்சுக்கிட்டு, கலைச்சுக் கலைச்சு வரைஞ்ச வரிசை முழுசும் பார்சிலோனா பிக்காசோ அருங்காட்சியகத்துல தொங்குது. மூலத்தைப் பார்க்காமப் போனா அந்த அறைகள்ல பாதி சுவை போயிடும்.

பிராதோ திங்கள் முதல் சனி வரை மாலை 6-லேருந்து 8 வரை இலவசம், ஞாயிறு 5-லேருந்து 7. ஆனா வரிசையிலயே பாதி நேரம் கரையும். அம்மாவோட போறீங்க, காசு கொடுத்துக் காலையில உள்ள போங்க. பிக்காசோவோட ‘கெர்னிகா’ ஓவியம் இருக்கிற மாட்ரிட் ரெய்னா சோபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. பிக்காசோ அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இந்த ரெண்டு கிழமையும் பார்க்காம ஓட்டல் போட்டுட்டு அங்க போய் முழிக்கிறவங்க நிறைய. செப்டம்பர் 24 அன்னைக்கு பார்சிலோனாவுல நகராட்சி அருங்காட்சியகங்கள் பலதும் இலவசம், கடைகள் பூட்டியிருக்கும்.

சுவரோவியம் பிடிக்கும்னா மொன்ஜுயிக் குன்று மேல இருக்கிற கத்தலோனியத் தேசிய அருங்காட்சியகத்தை விடாதீங்க. பிரனீஸ் மலைக் கோயில்கள்ல இருந்த 12-ஆம் நூற்றாண்டு ஓவியங்களைச் சுவர்லேருந்து உரிச்சு எடுத்து, அதே வளைவான மாடத்துல ஒட்டி வச்சிருக்காங்க. இருக்கிறதுலயே என் மனசுக்கு நெருக்கம் அதுதான்.

நடைப்பித்தன்:
நடைக்கு கோஸ்தா பிராவாவுல பலஃப்ருஜேய் ஊர் பக்கம் தங்குங்க. பார்சிலோனா வடக்கு பஸ் நிலையத்துலேருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். பழைய காவல் பாதை, ‘காமி தெ ரோந்தா’, கடலை ஒட்டியே போகும். வெள்ளை-சிவப்புக் கோடு அடையாளம்.

அம்மாவுக்கு: கலேயாவுலேருந்து யாஃப்ராங்க் வரை, அரை மணி நேரம். படிகள் உண்டு, ஏத்தம் பெருசா இல்லை.
உங்க ரெண்டு பேருக்கு: யாஃப்ராங்க்லேருந்து சான் செபஸ்தியா கலங்கரை விளக்கம் ஏறி, காலா பெத்ரோசா கூழாங்கல் கரையில இறங்கி, தமரியூ வரை. நின்னு நிதானமா ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே வச்சுக்குங்க. கலங்கரை விளக்கத்தைத் தாண்டிட்டா வழியில கடை கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். செருப்பு ஆகாது, பிடிமானம் உள்ள ஷூ வேணும். பெத்ரோசா இறக்கம் நனைஞ்சிருந்தா வழுக்கும், மழை நாளன்னைக்குப் போகாதீங்க. தமரியூவுலேருந்து திரும்ப பஸ் ரொம்பக் குறைச்சல். முன்கூட்டியே டாக்சி பேசிடுங்க.

தெப்பக்குளம்:
சாப்பாடு: ‘வெகெதால்’னு எழுதின சாண்ட்விச்சுல பெரும்பாலும் சூரை மீனும் முட்டையும் இருக்கும். ‘என்சலாதா மிக்ஸ்தா’ சாலட்லயும் அப்படித்தான். பருப்புக் குழம்புல பன்றித் தொத்திறைச்சி போடுவாங்க. சல்மொரேஹோங்கிற குளிர்ந்த தக்காளி சூப் மேல முட்டையும் பன்றி இறைச்சியும் தூவுவாங்க. அம்மாவுக்கு நம்பிக் கேட்கலாம்னா தக்காளி தேய்ச்ச ரொட்டி, வறுத்த பத்ரோன் மிளகாய், காஸ்பாச்சோங்கிற குளிர்ந்த காய்கறி சூப். சொல்ல வேண்டியது: ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் வேவோ’, அதாவது கறி, மீன், முட்டை இல்லாம. ராத்திரி எட்டரைக்கு முன்னாடி பல ஓட்டல்ல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க. மதியச் சாப்பாட்டைப் பெருசா வச்சுக்குங்க.

விசா: பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கோடையில தேதி கிடைக்காது, ஏப்ரல்லயே ஆரம்பிங்க. கைரேகைக்கு சென்னை விசா மையத்துக்கு நேர்ல போகணும். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா விடியக்காலை சென்னை. விசாக் கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, மையத்தோட சேவைக் கட்டணம் தனி. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. திரும்பற தேதிக்கு அப்புறமும் பாஸ்போர்ட் 3 மாசம் செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். சிக்கல் வர்ற இடம் ரெண்டு: ஓட்டல், டிக்கெட், இன்சூரன்ஸ் தேதிகள் ஒண்ணோடொண்ணு ஒத்துப் போகாம இருக்கிறது, விண்ணப்பிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வங்கிக் கணக்குல திடீர்னு பெரிய தொகை விழறது.

திருநகர்வாசி:
லா மெர்சேவே முடிவு. ராத்திரி தீ ஓட்டத்துக்கு அம்மா வரலாமா?

வைகைக்கரை:
வேண்டாம்க்கா. கொர்ரெஃபோக்ல, அதான் நீங்க சொல்ற தீ ஓட்டத்துல, பிசாசு வேஷக்காரங்க பொறி கக்குற மத்தாப்பைச் சுழட்டிக்கிட்டே கூட்டத்துக்குள்ள வருவாங்க. நீங்க ரெண்டு பேரும் போறதுன்னா முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், மூடின ஷூ, தொப்பி, கண்ணாடி. நைலான், பாலியெஸ்டர் எதுவும் ஆகாது. பொறி பட்டா உருகித் தோல்ல ஒட்டிக்கும். சுங்குடிச் சேலை பருத்திதான், ஆனாலும் முந்தானை, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. மேல தண்ணி ஊத்தச் சொல்லியும் கேட்காதீங்க, நனைஞ்ச வெடி தாறுமாறா வெடிக்கும்.

அம்மாவைப் பகல்ல சான்த் ஜௌமா சதுக்கத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ராட்சசப் பொம்மை ஊர்வலமும், ஆள் மேல ஆள் ஏறி நிக்கிற மனுசக் கோபுரமும் பார்க்கலாம். கோபுரத்து அடியில தாங்குற கூட்டத்துக்குள்ள மாட்டிக்காம, ஒரு மணி நேரம் முன்னாடியே ஓரமாச் சுவர் பக்கம் இடம் பிடிங்க. உட்கார இடம் இருக்காது, மடக்கு நாற்காலியை நெரிசல்ல விரிக்கவும் முடியாது. அதனால ஓட்டலை அங்கேருந்து நடந்து போற தூரத்துலயே எடுங்க, அம்மாவுக்குக் கால் வலிச்சா உடனே திரும்பிடலாம்.