ஊரடங்கில் மனம் அதிகம் நொந்தது யாருக்கு? டெல்டாக்காரர்கள் சொல்லுங்கள்

வண்டல்மண் (மன்னார்குடி):
எங்கள் ஊரில் ஒரு கூட்டம். கொரோனாவில் பெண்களின் மனநலம்தான் அதிகம் கெட்டது என்று பேச்சாளர் அடித்துப் பேசினார். ஆதாரம், 2021 அக்டோபரில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு. 2020ல் உலகம் முழுக்கக் கூடுதலாக 5.3 கோடி பேருக்கு மனச்சோர்வு, அதில் சுமார் 3.5 கோடி பேர் பெண்கள். சரி, மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டுக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கையும் பாருங்கள். 2021ல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர். நூற்றுக்கு 72 பேருக்கு மேல் ஆண்கள். தினக்கூலிகள் மட்டும் 42,004. செத்தவனின் கணக்கை விட்டுவிட்டு மனநலம் பேசினால் அது என்ன நியாயம்?

நடவுக்காரி (திருத்துறைப்பூண்டி):
அதே பட்டியலில் இல்லத்தரசிகள் 23,179 பேர் இருக்கிறார்களே, அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டீர்களா அண்ணே? அப்புறம், சாகாமல் இருப்பவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்று யார் சொன்னது?

எங்கள் தெருக் கதையைச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னை, ஓடு எல்லாம் போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தக் குழுக்கடன் வாங்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. கடன் யார் பேரில்? பொம்பளை பேரில். வீட்டுக்காரர் பேரில் தரவே மாட்டார்கள். 2020 மார்ச்சில் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டித்தது. ஆனால் எங்கள் குழுவுக்குக் கடன் கொடுத்த கம்பெனியின் பையன் முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "இப்போ கட்டலைன்னா வட்டி ஏறும், உங்களால குழுவுல எல்லாருக்கும் கெட்ட பேரு" என்றான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். நேற்றுவரை வெற்றிலை மடித்துக் கொடுத்தவள் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டுக்காரர் அந்த நேரம் கொல்லைப்பக்கம் போய்விடுவார். ராத்திரி தூக்கம் யாருக்குப் போயிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

வண்டல்மண்:
கொல்லைப்பக்கம் போனவரைப் பற்றித்தான் நானும் கேட்கிறேன் தங்கச்சி. அவர் ஏன் போனார்? அந்தப் பையன் எதிரில் நிற்க முகமில்லாமல்தானே? திருப்பூரில் பனியன் கம்பெனி மூடி, கிடைத்த வண்டியில் ஊர் வந்து சேர்ந்த பிள்ளைகளை நான் பார்த்தேன். டீக்கடை இல்லை, கோயில் திருவிழா இல்லை, நாலு பேரோடு உட்கார மதகடி கூட இல்லை. அந்த வருசம் மேட்டூர் அணையை ஜூன் 12லேயே திறந்துவிட்டார்கள், விவசாய வேலைக்குத் தடையும் இல்லை. பெண்கள் நடவுக்குப் போய் நாலு வார்த்தை பேசிவிட்டாவது வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பியவனுக்கு நாற்றைப் பிடிக்கவே தெரியாது, பொண்டாட்டி கூலியில் சாப்பிடுகிறோமே என்று உள்ளுக்குள் புழுங்கினான்.

நடவுக்காரி:
நாலு வார்த்தை பேசினோம், உண்மைதான். அதற்கு முன்னாடி நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்தோம், வந்த பிறகும் வடித்தோம். பள்ளிக்கூடம் இல்லை, சத்துணவு இல்லை, பிள்ளைகள் முழுநேரமும் வீட்டில். ஊரடங்குக்கு முன்பே, 2019ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவழித்தது ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97ஐ எங்கள் தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

சோழமண்டல சீனு (கும்பகோணம்):
டாஸ்மாக்கை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். 2020 மார்ச் 24 முதல் மே 7 வரை கடை மூடியிருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்த நாட்களை இன்னமும் பொற்காலம் என்பார். திறந்தார்கள், நீதிமன்றம் மூடச் சொன்னது, மே 16ல் மறுபடி திறந்தார்கள். வரிசையில் நின்ற காசு யார் காசு என்று மட்டும் கேட்காதீர்கள்.

வண்டல்மண்:
சீனு தம்பி, இதுதான் நான் சொல்வது. பெண் வருந்தினால் நோய், ஆண் வருந்திக் குடித்தால் குற்றம். திடீரென்று குடி நின்றதால் கைநடுங்கி, ராத்திரி யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று கத்தினவர்களும் இருந்தார்கள். அதுவும் மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம்தானே?

நடவுக்காரி:
பார்க்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அவர் வருத்தத்துக்கு அடி வாங்கினவளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? ஊரடங்கு போட்ட சில வாரத்திலேயே, 2020 ஏப்ரலில், வீட்டு வன்முறைப் புகாருக்கென்று தேசிய மகளிர் ஆணையம் தனி வாட்ஸ்அப் எண் விட வேண்டி வந்தது. சும்மாவா விட்டார்கள்?

பேரளம் செவிலி:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் எடுத்து வீசும் இரண்டு கணக்கும் இரண்டு வேறு விஷயங்களை அளக்கின்றன. மனச்சோர்வு பெண்களிடம் அதிகம், தற்கொலைச் சாவு ஆண்களிடம் அதிகம் என்பது கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. பெண்கள் தலைவலி, நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை என்று வந்து உட்காருவார்கள். ரெண்டு கேள்வி கேட்டால் அழுதுவிடுவார்கள், பதிவேட்டில் ஏறிவிடும். ஆண்கள் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு "ஒண்ணுமில்லம்மா" என்று போய்விடுவார்கள். பிறகு கேள்விப்படும்போது காவல் நிலையப் பதிவில்தான் பேர் இருக்கும்.

லான்செட் கணக்கும் மதிப்பீடுதான். கிடைத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் எடுத்தவை. நம் வயல்வரப்பு அதில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அவர்கள் சொன்ன காரணங்கள், அதாவது பள்ளி மூடல், வீட்டுப் பராமரிப்பு, வருமான இழப்பு, வீட்டு வன்முறை எல்லாம் இங்கும் நடந்ததை நான் பார்த்தேன். ஆக, நடவுக்காரி பக்கம்தான் என் ஓட்டு. கடன் வாங்குவதும் அடி வாங்குவதும் சோறு வடிப்பதும் ஒரே ஆளாக இருந்தால் வேறென்ன ஆகும்?

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் மத்திய அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில்தான் வந்தது. ஊரடங்கில் இருந்திருக்கலாம்.

நிலா (கும்பகோணம்):
ஆண், பெண் என்று இரண்டே கட்சியா? ரயில் நின்றது, கடைவீதி மூடியது, திருநங்கைகள் எங்களுக்கு அன்றைக்கே சோறு நின்றது. நிவாரணம் குடும்ப அட்டைக்கு வந்தது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளுக்கு ஏது குடும்ப அட்டை? எங்களை எந்தக் கணக்கெடுப்பிலும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் தொடருங்கள்.

சோழமண்டல சீனு:
நிலா சொன்னதற்கு யாருமே பதில் போடவில்லை, கவனித்தீர்களா?

பேரளம் செவிலி:
கவனித்தேன். நாங்கள் கேட்டு நிரப்பிய படிவத்திலும் நிலாவுக்கு ஒரு கட்டம் இருந்ததாக நினைவில்லை.

வண்டல்மண்:
செவிலி அம்மா, ஓட்டு யாருக்குப் போட்டாலும் சரி, ஆண்களை வரவழைக்க வழி சொல்லுங்கள். மனநல முகாமைக் காலை 11 மணிக்கு ஆஸ்பத்திரியில் வைத்தால் எவன் வருவான்? நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வையுங்கள். நெல்லைக் குவித்துவிட்டு, மழை வருமா, சாக்கு வருமா என்று வானத்தையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டு நாள்கணக்கில் தார்ப்பாயோடு கிடக்கிறோம். அங்கே வந்து கேளுங்கள், ஒவ்வொருத்தனும் கொட்டித் தீர்ப்பான்.

நடவுக்காரி:
நல்ல யோசனைதான் அண்ணே. ஆனால் நெல்லுக்குச் சொந்தக்காரர்கள்தான் அங்கே படுத்துக் கிடப்பார்கள். நட்டவள் அங்கே வரமாட்டாள், அவளுக்கு ரேஷன் கடை வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.