மறு: ‘பெரும்பாடு’ போதுமா?

வணக்கம். ‘அப்நார்மல் யூட்டரைன் ப்ளீடிங்’, அதாவது கருப்பையிலிருந்து வழக்கத்துக்கு மாறாக உதிரம் போவது, இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில்.

> ‘பெரும்பாடு’ என்று நம்மிடம் சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, சொல் நல்ல சொல்தான், என் பாட்டியும் சொன்னதுதான். ஆனால் அது தூரத்தில் அதிகமாகப் போவதை, அளவைச் சொல்கிற பெயர். இரண்டு தூரத்துக்கு நடுவில் லேசாகப் படுகிறதே, அது பெரும்பாடா? ஐம்பது நாளைக்கு ஒருமுறை வருவது? நாம் தேடுவது இவை எல்லாவற்றையும் அடக்கும் சொல். உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ, மெனோரேஜியா (அதிகமாகப் போவது), மெட்ரோரேஜியா (இடையில் படுவது) என்ற பழைய பெயர்களையே ஒதுக்கிவிட்டது. அவர்கள் கழற்றியதை நாம் எடுத்து மாட்டிக்கொள்வானேன்?

> ‘முறைதவறிய உதிரப்போக்கு’ எப்படி?

வேண்டவே வேண்டாம். ‘முறைதவறி’ என்றால் மலேசியாவில் எங்கள் பீடோங்கில் காதில் விழுவது வேறு. அந்தச் சொல்லைத் தன் கார்டில் பார்க்கும் பெண் மறுபடி கிளினிக் பக்கம் வரமாட்டாள். ‘முறைமாறிய’ என்றாலும் மாமன் மச்சான் முறை ஞாபகம் வந்து தொலைக்கிறது.

நான் சொல்வது: ‘இயல்பு மாறிய கருப்பை உதிரப்போக்கு’. நீளம்தான், தெரியும். ஆனால் ‘இயல்பு’ பொருத்தமாக அமைகிறது. 24 முதல் 38 நாளுக்குள் வரவேண்டும், 8 நாளுக்குள் நிற்கவேண்டும் என்று ஃபிகோ 2018-இல் எல்லை வைத்தாலும், ‘அதிகம்’ எது என்பதை அந்தப் பெண்ணிடமே விட்டுவிட்டது. ஒரு தூரத்தில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்ற பழைய கணக்கை யார் அளந்து பார்த்தார்கள்? அவள் அன்றாடம் கெட்டால் அதிகம், அவ்வளவுதான்.

என் கவலை உண்மையில் இன்னொரு சொல்லில் இருக்கிறது: கட்டி.

நான் ஓய்வுபெற்ற மிஸ்ஸி, அதாவது நர்ஸ். அரசாங்க கிளினிக்கில் மொழிபெயர்க்க இன்னும் கூப்பிடுவார்கள். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் ஓர் அக்கா, நாற்பத்தேழு வயது, சாரோங்கை இரட்டையாய்ச் சுற்றிக்கொண்டு வந்தார். “கட்டி கட்டியா போகுது மிஸ்ஸி.” அதற்கு முந்தைய மாதம் ஸ்கேனில் கருப்பையில் கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்குச் சந்தோஷம்! உள்ளே இருந்த கட்டிதான் உடைந்து உடைந்து வெளியே வருகிறதாம். அதனால் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரித் தேதிக்கும் போகவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளைத் தாள் மாதிரி.

மலாயில் இந்தக் குழப்பமே இல்லை. உறைந்து விழுவது ‘கெதுலான் டாரா’, வளர்ந்து நிற்பது ‘கெதும்புஹான்’. நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘கட்டி’. காரணம் தேடும்போது இது காலை வாரிவிடும். இந்தப் போக்கின் காரணங்களுக்கு ஃபிகோ 2011-இல் தந்த ‘பாம்-கோயின்’ (PALM-COEIN) பட்டியலில் முதல் பாதி ஸ்கேனிலோ சதைத் துணுக்கிலோ பிடிபடுபவை: பாலிப், கருப்பை உள்சவ்வு தசைக்குள் புகும் அடினோமயோசிஸ், நார்க்கட்டி, புற்றும் அதற்கு முந்தைய சவ்வுத் தடிப்பும். மறுபாதியில் இரத்தம் உறையாத கோளாறு, முட்டை ஒழுங்காக வெளியேறாதது, சவ்வின் சொந்தக் கோளாறு, மருந்தாலோ கருத்தடைக்கு வைக்கும் காப்பர் வளையத்தாலோ வருவது, இன்னும் வகைப்படாதது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம். அந்த அக்கா மாதிரி 45 தாண்டியவர் என்றால் உள்சவ்விலிருந்து துணுக்கும் எடுத்துப் பார்ப்பார்கள். நார்க்கட்டி ஒன்று தெரிந்துவிட்டது என்பதற்காக மற்ற காரணங்களைத் தேடாமல் விடமுடியாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஆகவே வளர்வதற்கு மட்டும் ‘கட்டி’ என்போம். விழுவதற்கு? ‘இரத்த உறைவு’ அகராதிக்குச் சரி, தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். இப்போதைக்கு நான் “ஈரல் துண்டு மாதிரி விழுதா?” என்று கேட்டுச் சமாளிக்கிறேன். உடனே புரிந்துகொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதுங்களேன், அங்கே இதற்கு என்ன சொல்கிறார்கள்?