புதுப்பிப்பு: திண்ணை வீட்டு செட்டின் மாதிரி

எங்கள் நாடகத்துக்கான திண்ணை வீட்டு செட்டின் மாதிரியை 1:25 அளவில் (நிஜத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) செய்வதா 1:24இல் செய்வதா, ஃபோம் போர்டு (நடுவில் நுரை வைத்த அட்டை) போதுமா என்று கேட்டிருந்தேனே, மாதிரி முடிந்துவிட்டது.

1:24தான். ஒரு அடிக்கு அரை அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. செட் போடும் ஆசாரி அடியிலும் அங்குலத்திலும் யோசிப்பவர், 30 அடி மேடை மாதிரியில் 15 அங்குலம் என்றால் ஸ்கேலை வைத்து அவரே அளந்து பார்த்துக்கொள்கிறார், என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை.

ஃபோம் போர்டை அடித்தளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் 5 மி.மீ. தடிமன் நிஜத்தில் 12 செ.மீ. ஆகிவிடும், வாசல் விளிம்பில் கோட்டைச் சுவர் போலத் தெரியும். 2 மி.மீ. மவுண்ட் போர்டு (கெட்டி அட்டை) என்றால் கிட்டத்தட்ட 5 செ.மீ., மேடையில் சுவராக நிற்கப்போகும், ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) சட்டத்தில் பிளைவுட் அடித்த தட்டிக்கு அதுதான் சரி. (ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காதீர்கள், புது பிளேடு போட்டு லேசாக நாலைந்து முறை இழுத்தால்தான் ஓரம் பிசிறில்லாமல் வரும்.)

அப்புறம், ஆள் பொம்மை வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஐந்தரை அடி ஆளுக்கு 2¾ அங்குல அட்டை உருவம். அதை வாசற்படியில் நிறுத்தி, பார்வையாளர்களின் ஓர இருக்கை வரும் இடத்தில் மொபைல் கேமராவை வைத்துப் பார்த்தால் வலப்பக்கத் தூண் ஆளை முழுசாக மறைக்கிறது! முக்கியமான காட்சியே அந்தப் படியில்தான். தூணை அரை அங்குலம், அதாவது மேடையில் ஒரு அடி, தள்ளி ஒட்டினேன், முகம் தெரிந்தது. இயக்குநர் இப்போது திண்ணையையும் உயர்த்தச் சொல்கிறார், முதலில் பசை காயட்டும் என்றிருக்கிறேன்.