மூலையில் தாண்டிய கோவேறு கழுதைகள்: மலையூர் முன்னோடி விழாக்களில் நாங்கள் கண்டவை

போய்சியிலிருந்து, இழையைத் தொடங்குபவர்:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் மேற்கே முதலில் குடியேறியவர்களை ‘முன்னோடிகள்’ என்று நினைவுகூர்ந்து மலையூர்களில் ஆண்டுதோறும் நடக்கும் விழாக்களுக்குப் போய் வந்தவர்கள், அங்கே தாங்கள் நேரில் கண்டதையும், யாரிடமாவது பேசித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

ஐடஹோ மாநிலத்துக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின வார இறுதியில் கெட்சம் என்னும் ஊரில் ‘வாகன் டேஸ்’ நடக்கிறது என்ற செய்தி ஒவ்வோர் ஆண்டும் காதில் விழும். தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு குதிரையில் போகிற வேடிக்கைதானே என்று ஒவ்வோர் ஆண்டும் நானும் தட்டிக்கழித்துவிடுவேன். சென்ற ஆண்டு திருவாரூரிலிருந்து அப்பா வந்திருந்தார். அவருக்கு எதையாவது காட்ட வேண்டுமே என்றுதான் புறப்பட்டோம்.

கெட்சம் ஏறத்தாழ 5,850 அடி உயரத்தில் இருக்கிறது. வெள்ளியும் ஈயமும் கிடைத்ததால் 1880-இல் உருவான ஊர் அது. முதலில் அதற்கு லெட்வில் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறு ஊர்கள் இருப்பதாகச் சொல்லி அஞ்சல் துறை மறுத்துவிடவே, முந்தைய ஆண்டு அங்கே மரக்குடில் போட்டிருந்த டேவிட் கெட்சம் என்பவரின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். மலைக்கு அப்பாலிருந்த சுரங்கங்களிலிருந்து தாதுவை ஏற்றிவந்து கெட்சமிலிருந்த பிலடெல்பியா உருக்காலையில் சேர்ப்பதற்காக ஹொரேஸ் லூயிஸ் என்பவர் சரக்கு வண்டிகள் ஓட்டினார். டிரெயில் கிரீக் கணவாயின் செங்குத்தான பாதையில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மைலுக்கு மேல் அந்த வண்டிகளால் நகர முடியாதாம். பின்னாளில் லூயிஸ் குடும்பத்தார் அவற்றை ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1958 முதல் நடந்துவரும் விழா அந்த வண்டிகளுக்காகவே நடக்கிறது. ஊர்வலத்தில் மோட்டார் வாகனத்துக்கு இடமில்லை.

முதல் ஒரு மணி நேரம் நான் நினைத்தபடியேதான் போயிற்று. குதிரைகள், சாரட்டுகள், பழைய பாணிப் பாவாடை கட்டிய பெண்கள், தெருவில் விழுந்த சாணத்தை அள்ளிக்கொண்டே பின்னால் வரும் சிறுவர்கள் (அதிகக் கைதட்டல் வாங்கியவர்கள் இவர்கள்தாம்). அப்பா வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு எப்போது திரும்பலாம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் கடைசியாக ‘பிக் ஹிட்ச்’ வந்தது. இருபது கோவேறு கழுதைகள் இணை இணையாக ஒரே நீளச் சங்கிலியில் பூட்டப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், ஒன்றோடு ஒன்று கோத்த நெட்டையான தாது வண்டிகள் வந்தன. சக்கரமே ஆளுயரம். வண்டியோட்டி வண்டியில் உட்காரவில்லை. வண்டிக்கு மிக அருகிலுள்ள இணையில் இடப்பக்கத்து விலங்கின் முதுகில் அமர்ந்திருந்தார். அவர் கையிலிருந்து ஒரே ஒரு வார், வரிசை முழுவதையும் கடந்து, முன்னணியில் இடப்பக்கம் நிற்கும் விலங்கின் கடிவாளத்துக்குப் போகிறது. சீராக இழுத்துப் பிடித்தால் இடப்பக்கம். விட்டுவிட்டுச் சுண்டினால் வலப்பக்கம். இருபது விலங்குகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான் உத்தரவு.

சன் வேலி சாலையிலிருந்து மெயின் ஸ்டிரீட்டுக்குள் அந்த வரிசை திரும்ப வேண்டும். அதைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். “முட்டுக்கட்டை இல்லை, சக்கரத்துக்கு அடியில் வைக்கத் தகடும் இல்லை, இதை எப்படித் திருப்புவான்?” என்றார். ஆழித்தேர் வீதி திரும்புவதை அறுபது ஆண்டுகளாகப் பார்த்த மனிதர் அவர். கேள்வி சரியானது. முன்னணி விலங்குகள் மூலை திரும்பிவிட்டால், சங்கிலி வில்லின் நாணைப் போல உட்பக்கமாக இறுகும். வண்டி குறுக்கே இழுபட்டு மூலையில் இருப்பவர்கள் மேல் ஏறும். அதைத் தடுப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் முட்டுக்கட்டையும் விலங்குகள்தாம். முன்னவை திரும்பத் தொடங்கியதும் நடுவரிசையிலிருந்த இணைகள் ஒவ்வொன்றாக அந்தச் சங்கிலியைத் தாண்டி வெளிப்பக்கம் குதித்தன. குதித்த பிறகு, நண்டைப் போலப் பக்கவாட்டில் கால் வைத்து, வளைவுக்கு எதிர்த்திசையில் வண்டியை இழுத்துப் பிடித்தன. பின்பகுதி திரும்பி முடியும்வரை அப்படியே நின்று இழுத்துவிட்டு, மறுபடியும் தாண்டித் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டன. சாட்டை எதையும் நான் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது.

வேடம் கட்டுவது வேறு, வேலை தெரிவது வேறு என்பதை அந்த மூலையில்தான் உணர்ந்தேன். உடுப்பை யாரும் தைத்துக்கொள்ளலாம். சங்கிலியைத் தாண்டக் கோவேறு கழுதைக்குக் கற்றுக்கொடுக்க, அதைத் தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தபடியே இருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடக் கூடாது. போய்சியிலிருந்து போகும் வழியில் ஃபேர்ஃபீல்டை ஒட்டிக் காமாஸ் சமவெளி வருகிறது. அங்கே நீலப் பூப் பூக்கும் காமாஸ் செடியின் கிழங்கு, ஷோஷோனி, பேனாக் என்னும் பழங்குடி மக்களின் முக்கிய உணவு. 1868 உடன்படிக்கையில் அந்தச் சமவெளி அவர்களுக்குரியது என்று எழுத வந்தவர்கள், காமாஸ் என்பதற்குப் பதிலாக ‘கான்சாஸ்’ என்று எழுதிவைத்துவிட்டார்கள். குடியேறியவர்களின் பன்றிகள் கிழங்குகளைத் தோண்டித் தின்றன. 1878-இல் போர் மூண்டது. அதில் பழங்குடியினர் தோற்ற பிறகுதான், 1879 முதல் இந்தப் பள்ளத்தாக்குக்குள் சுரங்கக்காரர்கள் திரளாக நுழைந்தார்கள். திரும்பி வரும்போது இதை அப்பாவிடம் சொன்னேன். “அப்படியானால் முன்னோடி என்று யாரைச் சொல்கிறார்கள்?” என்று கேட்டுவிட்டு, காய்ந்த புல்லைப் பார்த்தபடியே வந்தார்.

சால்ட் லேக் சிட்டியிலிருந்து:

தங்கள் பதிவைப் படித்தேன், ஐயா. எங்கள் ஊரில் ஜூலை 24 அன்று கொண்டாடும் முன்னோடி நாள், 1847-இல் பிரிகாம் யங் தலைமையில் மார்மன் என்னும் சமயப் பிரிவினர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்ததை நினைவுகூரும் பெரிய நகரத்து விழா. அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. நீங்கள் போன அதே கெட்சமுக்கு அக்டோபரில் போனவள் நான். அங்கே மெயின் ஸ்டிரீட்டில் ஆட்டு மந்தை நடந்து போவதைப் பார்த்தேன்.

1890-களில் வெள்ளி விலை விழுந்ததும் சுரங்கங்கள் மூடப்பட, அந்தப் பள்ளத்தாக்கு ஆட்டுக்கு மாறியது. 1918-இல் ஐடஹோவில் 26 லட்சம் ஆடுகளுக்கு மேல் இருந்தன. மனிதர்களைப் போல ஆறு மடங்கு. கோடையில் உயர்மலை மேய்ச்சல், குளிருக்கு முன் தெற்கே இறக்கம் என்று மந்தைகள் போய்வந்த பழைய பாதையில், ரயில் தடம் அகற்றப்பட்ட பிறகு மிதிவண்டிப் பாதை போட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், மிதிவண்டிச் சக்கரத்தில் ஆட்டுப் புழுக்கை ஒட்டுகிறது என்று முறையிட்டார்கள். ஆட்டுப்பண்ணை நடத்திய ஜான் பீவியும் அவர் மனைவி டயானும் சண்டைக்குப் போகவில்லை. வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பாதையின் கதையைக் கேளுங்கள், எங்களோடு சேர்ந்து ஆடுகளை ஓட்டியும் பாருங்கள் என்று ஊராரை அழைத்தார்கள். 1997-இல் அது விழாவாயிற்று.

நான் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில். கீதாரிகள் கிடை போட வரும் நாட்களில் எங்கள் வயலில் விடியும்போது கேட்கும் சத்தமும் வாசமும் எனக்குள் அப்படியே இருக்கின்றன. 1,500 செம்மறிகள் கடைவீதிக்குள் வந்தபோது முதலில் வந்தது வாசம்தான். ஆடுகள் பிறகுதான் கண்ணில் பட்டன. முன்னால் வந்த ஆடு, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோட்டைக் கண்டு தயங்கி, அதை ஒரு வாய்க்கால் என்று எண்ணியது போல எம்பித் தாண்டிற்று. பின்னால் வந்தவை எதற்கென்று தெரியாமலே அதே இடத்தில் எம்பின. கூட்டம் சிரித்தது. என் கண் கலங்கிவிட்டது. காரணம் கேட்ட கணவரிடம் புழுதி என்று சொல்லிவிட்டேன்.

ஊர்வலம் முடிந்ததும் ஒரு மேய்ப்பரோடு பேச வாய்த்தது. பெரு நாட்டுக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. முன்பு ஸ்காட்லாந்துக்காரர்களும், பிறகு ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியின் பாஸ்க் மக்களும் செய்த வேலையை இன்று பெருவிலிருந்து தற்காலிக வேளாண் விசாவில் வருபவர்களே பெரும்பாலும் செய்கிறார்கள். என்னுடைய அரைகுறை ஸ்பானிய மொழியில், எங்கள் ஊரிலும் ஆடுகளோடு மாதக்கணக்கில் நடப்பவர்கள் உண்டு என்று சொன்னேன். உடனே அவர் கேட்டது, “ஓர் ஆளுக்கு எத்தனை ஆடு?” என்பதுதான். ஊர், மதம், சாப்பாடு எதையும் கேட்கவில்லை. நான் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, அது வசதியான வேலை என்பது போலத் தலையசைத்தார். நாய்கள் உண்டா, இரவில் யார் விழித்திருப்பார்கள், ஓநாய் உண்டா என்று கேள்விகள் தொடர்ந்தன. ஓநாய்க்கு நான் பதில் சொல்லத் தடுமாறினேன். நரி என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மறுநாள், பழைய மேய்ப்பர்கள் ஆஸ்பென் மரங்களில் கீறிய எழுத்துகளைக் காட்ட ஒரு குழுவைக் கூட்டிச் சென்றார்கள். கத்தி முனையால் மெல்லிய கோடாகத்தான் கீறுவார்களாம். மரம் பருக்கப் பருக்க, அந்த வடு கறுத்துத் தடித்து எழுத்தாகத் தெரியவரும். பெயர், ஆண்டு, சொந்த ஊர், சில இடங்களில் ஒரு பெண்ணின் உருவம். ஆஸ்பென் மரத்துக்கு நூறாண்டு ஆயுள் என்பதே அதிகம். மரம் விழுந்தால் எழுத்தும் போய்விடும் என்று வழிகாட்டி சொன்னபோது, கல்வெட்டு நாட்டிலிருந்து வந்த எனக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

டென்வரிலிருந்து:

கெட்சமுக்குக் கிடைக்காத அந்தப் பெயரைக் கொண்ட கொலராடோ ஊரிலிருந்து ஒரு கழுதைக் கதை. ஆகஸ்ட் முதல் வார இறுதியில் லெட்வில்லில் ‘பூம் டேஸ்’ நடக்கிறது. ஊரே 10,000 அடிக்கு மேல் இருக்கிறது; சென்னையிலிருந்து வந்து மூன்றே நாளான மைத்துனரை அழைத்துப் போனது என் முட்டாள்தனம். காலை பத்து மணிக்கெல்லாம் தலைவலி தாங்காமல் அவர் காருக்குள் படுத்துவிட்டார். அவ்வளவு உயரத்துக்குப் போகிறவர்கள் வழியில் ஓரிரவாவது தங்கிப் போகவும்.

கல்லில் சம்மட்டியால் துளையிடும் போட்டியைப் பற்றி நிறையச் சொல்லலாம். என்றாலும் விழாவின் உயிர் கழுதை ஓட்டந்தான். 1949-இல் லெட்வில்லுக்கும் ஃபேர்பிளேவுக்கும் இடையே தொடங்கியது. இப்போது மாநிலத்தின் பாரம்பரிய விளையாட்டு என்ற சட்டத் தகுதியும் அதற்கு உண்டு. கழுதையின் மேல் பொதிச்சேணம் இருக்க வேண்டும். அதில் குந்தாலியும் மண்வெட்டியும் பொன் அரிக்கும் தட்டும் கட்டாயம். எடை 33 பவுண்டு. ஓட்டக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 13,185 அடி உயர மஸ்கிட்டோ கணவாய்வரை ஓடித் திரும்ப வேண்டும். கழுதையைத் தள்ளலாம், இழுக்கலாம், முடிந்தால் தூக்கிக்கொண்டும் ஓடலாம். ஏறி உட்காரத்தான் கூடாது.

நான் பார்த்தது கடைசி ஐம்பது கஜம். ஹாரிசன் அவென்யூவில் முடிவுக்கோடு கண்ணெதிரே தெரிகிறது. முழங்கால்வரை சேறு அப்பிய ஓர் அம்மையார், அறுபது வயதாவது இருக்கும், ஓடி வருகிறார். அவருடைய கழுதை நின்றுவிட்டது. இழுத்தார். நகரவில்லை. பின்னால் போய்த் தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். நகரவில்லை. அவர் கோபிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கயிற்றைத் தளர்த்திவிட்டு, அதன் பக்கத்தில் நின்று, அது பார்த்துக்கொண்டிருந்த திசையிலேயே தாமும் பார்த்தார். பின்னால் வந்த இருவர் கடந்து போனார்கள். ஐந்து நிமிடம் கழித்து, யாரும் சொல்லாமலே, கழுதை காதை ஒருமுறை உதறிவிட்டு நடந்தது. அவரும் கூடவே நடந்து கோட்டைத் தாண்டினார். பிறகு பேச்சுக் கொடுத்தேன். எதைக் கண்டு நின்றது என்று கேட்டேன். தரையில் கிடந்த தண்ணீர்க்குழாயின் நிழல் என்றார். “அது நிற்கும்போது நானும் நிற்காவிட்டால், அடுத்த ஆண்டு மலையில் எனக்காக அது ஓடாது” என்றார்.

நீங்கள் சொன்ன வேடம், வேலை என்ற வேறுபாட்டில் எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. அந்த அம்மையார் தலையில் பழைய சுரங்கக்காரர் தொப்பி வைத்திருந்தார். வேடம்தான். அந்தத் தொப்பிக்காகவே என்னைப் போன்ற வழிப்போக்கர்கள் நின்று பார்க்கிறார்கள். பார்ப்பவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கழுதைகளை யார் வளர்ப்பார்கள்?

போய்சியிலிருந்து:

மறுப்பை ஏற்கிறேன். அப்பாவிடம் இரண்டு பதிவுகளையும் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். ஆடு வெள்ளைக் கோட்டைத் தாண்டியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

சகோதரி எழுதிய மேய்ப்பரைப் போலவே விடுபடுகிற இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துவிடுகிறேன். 1870 கணக்கெடுப்பின்படி ஐடஹோ பிரதேசத்தில் வசித்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் சீனர்கள்; பெரும்பாலோர் சுரங்கத்தை நம்பி வந்தவர்கள். இதை நான் படித்தது விழா முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். முன்னாலேயே தெரிந்திருந்தால் அங்கே யாரிடமாவது கேட்டிருப்பேன்.

அடுத்த செப்டம்பரில் போக நினைப்பவர்களுக்கு: கெட்சமில் அந்த வார இறுதிக்கு அறை கிடைப்பது அரிது, தெற்கேயுள்ள ஹெய்லியில் முயன்று பாருங்கள். இருக்கையைத் தேடி நடைபாதை நெடுக அலைய வேண்டாம். சன் வேலி சாலை மெயின் ஸ்டிரீட்டைச் சந்திக்கும் மூலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். திருப்பத்தின் வெளிப்பக்கமாக நில்லுங்கள். கழுதைகள் உங்களை நோக்கித்தான் தாண்டும்.